அடிமாட்டு விலை

2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. லோரி ஓட்டிக் கட்டுப்படியாகாத மீன் வியாபாரி ஒருவர், கடனை அடைக்கப் பழைய லோரியோடு படகையும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலிவா கிடைச்சா வாங்கலாமா?

வாங்குவது பாவமில்லை. யாரும் வாங்காவிட்டால் அவருக்குத்தான் கஷ்டம். ஆனால் அவர் அவசரத்தைப் பார்த்து இன்னும் குறைத்தால், அது பேரமில்லை, பிடுங்கல். விற்பவரும் படகின் ஓட்டையை மறைக்கக் கூடாது. நடுக்கடலில் போவது உயிராச்சே!

வணிகத்தை வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வைத்துப் பேசினார். தம்பி, தங்கைகளே, அந்தப் படகு நம்முடையதா இருந்தா எவ்வளவு கேட்டிருப்போம்? அந்த விலையை மனசில் வைத்துப் பேசுங்கள்.