உடையின் அளவும் உள்ளத்தின் அளவும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பர் உலகோர். உடை வெறும் புறத்தோற்றந்தானா, அன்றி அறத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டா? இவ்வினாவைச் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறு கொண்டே ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டிக்கு மேல் கோட்டும், சரிகைத் தலைப்பாகையும், அங்கவஸ்திரமும் தமிழக வழக்கறிஞர்களின் பெருமைக்கு அடையாளங்களாக விளங்கின. 1900-இல் சேலத்தில் தொழில் தொடங்கிய இராஜாஜி, 1917-இல் அந்நகராட்சியின் தலைவரானார். பின்னர் ஒத்துழையாமை இயக்கத்தில் வருவாய் மிக்க தொழிலைத் துறந்து கதர் உடுத்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கு நூற்ற நூல், வானம் பார்த்த சிற்றூர்களின் ஏழை மகளிர்க்குக் கூலியாயிற்று.

இதற்கு முன்பே, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில் காந்தியடிகள் அரையாடை ஏற்றிருந்தார். கதர் வாங்க இயலாத ஏழையை எண்ணியே அவர் அவ்வாறு செய்தார். ஆயினும் தம் தொண்டர்களும் அவ்வாறே உடுத்த வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. இராஜாஜியும் முழு வேட்டியும் மேலாடையும் அணிந்தே தொண்டாற்றினார்.

இவ்வேறுபாடு நமக்குப் புதியதன்று. நம் ஆன்றோர் வகுத்த சிராவகர் படிகள் பதினொன்று. கடைசிப் படியில் நிற்கும் க்ஷுல்லகர் கோவணமும் மேல்துண்டும் கொள்வார். ஐலகர் கோவணம் மட்டுமே கொள்வார். முனிவரோ அதனையும் துறப்பார். பற்று கழலக் கழல ஆடை கழலுமேயன்றி, ஆடை கழன்றதனாலேயே பற்று கழன்றுவிடாது.

அங்ஙனமாயின் உள்ளம் தூயதாயிருந்தால் போதும், எதை உடுத்தினால் என்ன என்று சிலர் கேட்கலாம். சேலம் வெண்பட்டு வேட்டி புகழ் பெற்றது, மணவிழாக்களில் விரும்பப்படுவது. ஆனால் ஒரு பட்டு வேட்டிக்காக ஆயிரக்கணக்கான கூடுகள் உள்ளிருக்கும் புழுக்களோடு வெந்நீரில் இடப்படுகின்றன. உடுத்துபவரின் உள்ளத்தூய்மை அவ்வுயிர்களைக் காக்குமா? உடை நம்மோடு முடிவதன்று. புழுவின் உயிரும் நெசவாளியின் உணவும் அதனைச் சார்ந்துள்ளன.

எனவேதான் இல்லறத்தார்க்குப் போகோபபோக பரிமாணம் விதிக்கப்பட்டது. உண்டவுடன் தீரும் உணவு போகம். மீண்டும் மீண்டும் பயன்படும் ஆடை உபபோகம். இரண்டிற்கும் அளவு வேண்டும். அவ்வளவைப் பிறர் நமக்கு விதிப்பதில்லை. நம் படிநிலை அறிந்து நாமே வரைந்துகொள்கிறோம்.

இங்கும் ஓர் இடர் உண்டு. தலைப்பாகையில் இருந்த மானக் கஷாயம் கதர்த் துண்டிலும் குடிபுகலாம். “என்னைப்போல் எளியவர் யார்?” என்னும் எண்ணமும் செருக்கேயாகும். ஆதலின் எளிமையைப் பிறரை அளக்கும் கோலாகக் கொள்ளாது, நம்மை அளக்கும் கோலாகக் கொள்வோம்.

விழா நாளில் துணிக்கடைக்குச் செல்லுமுன், பெட்டியில் உள்ள ஆடைகளை எண்ணிப் பார்ப்போம். எவ்வுயிர்க்கும் ஊறின்றி நெய்யப்பட்ட பருத்தி ஆடையை, வேண்டும் அளவே வாங்குவோம். எஞ்சியதை இல்லாதோர்க்கு ஈவோமாக.