வெண்புகையும் வியாப்தியும்

பனியால் மல்லிகை விளைச்சல் குறைந்து விலை ஏறிக் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில், அருப்புக்கோட்டை வட்டாரத்திலிருந்து விடியுமுன் மதுரைக்குப் பூக்கூடை ஏற்றிப் புறப்பட வேண்டிய டீசல் பிக்கப் வண்டிகளுள் வயதான சில, செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் உறுமி உறுமி ஓய்ந்து, பின்குழாய் வழியே வெள்ளைவெளேரென்று ஒரு புகையைக் கக்கிவிட்டு நின்றுபோவதுண்டு. குளிர்தான் காரணம் என்பான் ஓட்டுநர். இந்த வானம் பார்த்த பூமியில் குளிர் என்று சொல்லத் தகுந்த குளிர் ஏது? லடாக்கில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து குழாயை அடைத்துவிடுமாதலால், 2019ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் பூஜ்யத்துக்குக் கீழே 33 பாகையிலும் இறுகாத தனிவகை டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய ஆபத்து இதே வட்டாரத்துத் திருச்சுழிப் பக்கம் ஏழு ஜென்மத்திலும் வரப்போவதில்லை. வண்டிக்குள் முன்னமே குடிகொண்டிருந்த தளர்ச்சியை இவ்வூர்ப் பனி வெளிப்படுத்துகிறதேயன்றி உண்டாக்குவதில்லை.

டீசல் எந்திரத்தில் எண்ணெய்க்குத் தீ வைக்கப் பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய அந்த எந்திரத்தின் வழிவந்த இன்றைய வண்டிகளில், உள்ளே இழுக்கப்பட்ட காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு, அந்நெருக்கத்தினாலேயே 500 பாகைக்கு மேல் சூடேறி, அதன்மேல் தூவப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்கிறது. ரிங் தேய்ந்து காற்று நழுவினாலும், பேட்டரி சோர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும், தொடக்கச் சூட்டைத் தரவேண்டிய ஹீட்டர் பிளக் செத்துப்போனாலும், இரவெல்லாம் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் இருக்கிற சூட்டையும் குடித்துவிட, எண்ணெய் எரியாமலே ஆவியாகி வெளியேறுகிறது. அதுவே அந்த வெண்புகை. ஆகையால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பின்குழாயைத்தான் பார்க்கிறார். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லையென்றால் எண்ணெயே போய்ச் சேரவில்லை. ஏர் லாக்கையோ அடைத்த ஃபில்டரையோ தேடவேண்டும். வெண்புகை வந்தால் எண்ணெய் சேர்ந்துவிட்டது, தீதான் பிறக்கவில்லை.

இங்கேதான் தர்க்க சாஸ்திரம் கற்றவர் திடுக்கிடுவார். புகை உள்ள இடத்தில் தீ உண்டு என்னும் வியாப்தியைப் பற்றிக்கொண்டு, மலைமேல் புகையைக் கண்டு தீயை அனுமானிப்பது நம் நையாயிகர்கள் நூற்றாண்டுக் கணக்கில் எடுத்தாண்ட உதாரணம். பட்டறையிலோ புகையைக் கண்டு தீ இல்லை என்று துணிகிறார்கள்! அது புகையன்று, ஆவி என்று நையாயிகர் விடையிறுக்கலாம். மணிமேகலையின் 29ஆம் காதையில், ஆவியோ பனியோ என்று ஐயுற்ற நிலையிலேயே அதனைப் புகையாகக் கொண்டு தீ உண்டென்று துணிவதை அறவண அடிகள் ஒரு போலி ஏதுவாக எடுத்துக்காட்டுகிறார். தீ உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பதும் பொருந்தாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் தீ இருக்கிறது, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தாலன்றிப் புகை எழாது. அந்த ஈரமே உபாதி, அதாவது இடையில் புகுந்த நிபந்தனை, என்றார்கள். கழற்றிய ஹீட்டர் பிளக்குக்குப் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து, அதன் நுனி சிவக்கிறதா என்று பார்க்கும் பையன் தன்னையறியாமல் அந்த இரும்புருண்டையைத்தான் கையில் வைத்திருக்கிறான்.

ஆனால் ஆவியையும் புகையையும் பிரித்தறியும் வழியை ஏட்டிலிருந்து மட்டும் பெற முடியுமா என்பது என் சந்தேகம். இதே வட்டாரத்தில் சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி மூட்டம் போடுகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். முதலில் எழும் கனத்த வெண்புகை பெரும்பாலும் மரத்தின் ஈரம். பின்னர் அது மெலிந்து நீலம் பாரித்தால் கட்டை கரியாகிவிட்டது, துளைகளை அடைக்கலாம். அங்கே வெண்மைக்கு அடியில் தீ உறுதியாக உண்டு. பிக்கப் வண்டியில் உறுதியாக இல்லை. அடையாளம் ஒன்றே, தீர்ப்பு நேர்மாறு. ஏது தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. மூட்டத்தைப் பிரித்தவனுக்கும் எந்திரத்தை இறக்கியவனுக்குமே அது வாய் திறக்கிறது.

இதை ஒப்புக்கொண்டால், காரியமாகிய உலகத்தைக் கண்டு கர்த்தாவாகிய ஈசுவரனை அனுமானிப்பவர் நிலை என்ன? குடத்தைக் கண்டு குயவனை அனுமானிக்கிறோம். குயவர் குடம் வனையக் கண்டிருக்கிறோம். உலகம் வனையப்பட்டதைக் கண்டவர் யார்? இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இந்த அனுமானத்தை விரிவாக மறுத்து, ஈசுவரனை அறியச் சாஸ்திரம் ஒன்றே பிரமாணம் என்று முடித்தார். அத்தனை பெரிய பக்தர் அனுமானத்தின் உதவியை வேண்டாமென்று தள்ளிய துணிவு எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. சைவ சித்தாந்தியான மெய்கண்டாரோ, சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தைக் காட்டி அதற்கொரு முதல்வன் உண்டென்று நிறுவுகிறார்.

இவ்விரண்டில் இராமானுஜர் கட்சியே வலுவுடையதென்பது என் எண்ணம். எனினும் சைவ சித்தாந்தி ஒரு கேள்வி கேட்பார்: உம்முடைய மெக்கானிக் மட்டும் சிலிண்டருக்குள் தீயைக் கண்டாரா? ஓடும் எந்திரத்தைத் திறக்க முடியாது. திறந்த எந்திரத்தில் தீ இல்லை. இது எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. கழற்றிய பிளக்கின் நுனி சிவக்கக் கண்டவர் அவர் என்று நான் விடை சொல்லலாம்; அப்படியானால் உலகத்திலிருந்து கழற்றிச் சோதிக்கத் தக்க உறுப்பு ஒன்றுமில்லையா என்று அவர் மேலும் கேட்பார். 1879இல் அதே திருச்சுழியில் பிறந்த ரமணர் அக்கேள்வியை உலகத்திலிருந்து கேட்பவன் பக்கமே திருப்பிவிடுகிறார். 1902இல் திருவண்ணாமலையில், பேசாதிருந்த அவர் சிவப்பிரகாசம் பிள்ளைக்கு எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்ற நூலாயின. உடல் நானன்று, இந்திரியங்கள் நானல்ல, மனமும் நானன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகும் அந்த விசாரத்தில் புகையிலிருந்து தீக்குப் போகும் பயணமே இல்லை. புகையைக் கண்டவன் யார் என்பதே விஷயம். ஆனால் அங்கே கண்டதைப் பிறனுக்கு ஏதுவாக்கிக் காட்ட இயலாதாகையால், இராமானுஜருக்கும் மெய்கண்டாருக்கும் இடையிலுள்ள வழக்கு அதனால் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன்.