கிணற்றில் விழுந்த எருது



ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதை உடனே தூக்கிவிடாதவன் உங்களில் யார் என்று நமதாண்டவர் பரிசேயரைக் கேட்டதாக அர்ச். லூக்காஸ் 14-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அவர்களால் மறுமொழி சொல்லக் கூடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்பை அறிவீர்கள். 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக்கி, 2021-ல் புலிகள் காப்பகத்தோடு சேர்த்த காடு அது. காட்டோரத்து ஏழை ஜனங்கள் பலருக்கு ஆடுமாடுதான் ஆஸ்தி. அப்படிப்பட்ட ஊருக்கு அருகே, கால்நடை மருந்தகத்தில் வேலைபார்க்கும் ஓர் உதவியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் உள்ளே இருக்கிறார். வாசலில் நாலு பேர். விடியுமுன்னே வந்த பெரியவர் கோமாரித் தடுப்பூசிக்கு மாட்டைப் பிடித்து நிற்கிறார். ராஜபாளையம் நாயின் நகம் ஒடிந்ததென்று ஒரு தனவந்தர் சத்தம் போடுகிறார். ஒரு கைம்பெண் தூக்கிவந்த வெள்ளாடு அரிசியை மூட்டையோடு தின்றுவிட்டுச் சுருண்டு கிடக்கிறது. ஒரு சிறுவன் ஓட்டிவந்த பசுவுக்கு இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பியிருக்கிறது.

யாரை முதலில் கவனிப்பது? முந்தி வந்தவரையா, சத்தம் போடுகிறவரையா? இரண்டும் அல்ல. உப்பிய வயிறு நெஞ்சை அமுக்கி மூச்சை அடைக்கும். சீக்கிரத்தில் உயிர் போய்விடலாம். ஆகவே டாக்டரைக் கூப்பிட்டு, பசுவின் முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துவதே முதல் வேலை. அடுத்தது அந்த ஆடு. கத்தாமல் கிடப்பதால் பாதகமில்லை என்று எண்ணுவது பெரும் பிசகு. தின்ற தானியம் வயிற்றில் புளித்து அமிலமாகி, இரத்தத்தையும் கெடுக்கும். நகத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். தடுப்பூசி மருந்தோ, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் மூடியிருக்கும்வரை கெடாது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தனவந்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கைம்பெண்ணின் ஆட்டைத் தூக்குவதற்குத்தான் தைரியம் வேண்டும். அதற்காக ஜெபியுங்கள்.

ஞாயிறு காலையில் கன்று ஈனமுடியாத பசுவோடு நின்றதால் பூசை தவறியது பாவமா என்று கேட்கிற ஊழியரும் உண்டு. பாவமில்லை, பிள்ளாய். சாயங்காலம் பூசை இருந்தால் அதற்கு வா.

விடியுமுன்னே வந்து நின்ற பெரியவரை மட்டும் மறக்கவேண்டாம். "அண்ணாச்சி, அந்தப் பசுவுக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் பொறுங்க" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுங்கள்.