எருக்கஞ்செடியும் தண்ணீர் டிரம்மும்

2020 மே மாதக் கடைசியில், கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்த பூச்சிகளைக் கண்டு ஊரே பதறியது. பாலைவன வெட்டுக்கிளியோ என்ற அச்சம். எருக்கிலை தின்னும் உள்ளூர் வெட்டுக்கிளிதான் என்றது வேளாண்துறை.

பயிரைத் தொடாத உயிரைப் பயத்தால் கொல்லலாமா?

வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். சமணம் இல்லறத்தாருக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது: வேண்டுமென்றே கொல்வது அறவே ஆகாது, சமையலிலும் உழவிலும் தற்காப்பிலும் நேரும் கொலை வேறு வகை.

தற்காப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஓசூர் சிப்காட் பக்கத்து வாடகை வீடுகளில், கோடைக்குப் பிடித்துவைத்த டிரம் தண்ணீரில் ஏடிஸ் கொசுப்புழுக்கள் நெளியும். டெங்குவைப் பரப்பும் இந்தக் கொசு முட்டையிலிருந்து வளர ஏழெட்டு நாள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் கழுவுவது தற்காப்பு வகையில் சேரும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவி, மூடிவைக்க வேண்டும்.