முக்கால் மணி நேரத்துக்கு என்ன விலை?

ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகள் உள்ளவர்களுக்கென்று தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மருத்துவப் பரிசோதனை கேட்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த லட்சத்துக்குள் தெரபிக்கென்று தனி வரம்பு இருக்கிறது. வாரா வாரம் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி என்று போகும் பிள்ளைக்கு அது சில மாதங்களில் தீர்ந்துவிடும். அப்புறம் கைக்காசுதான். அலுவலக பாலிசியோ பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். என் மகன் படுக்கவில்லை, பேசக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

கைக்காசு போகும்போது, முக்கால் மணி நேர தெரபியில் என்ன கிடைத்தது என்று மனம் கேட்கத்தான் செய்யும். அந்தக் கேள்வி பிள்ளையின் காதுக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கட்டணம் எங்கள் கவலை. அவன் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஒருநாள் செஷன் முழுக்க சோப்புக் குமிழிதான். தெரபிஸ்ட் ஊதுவார், குப்பியை இறுக மூடி அவனிடம் நீட்டுவார், காத்திருப்பார். அவன் மூடியைத் திருகிப் பார்த்தான். அவர் கையை இழுத்து மூடிமேல் வைத்தான். கடைசியில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். "இன்னைக்கு என்னைப் பார்த்துக் கேட்டான் சார்" என்றார் அவர். வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. ஆனால் இன்னொருவரைப் பார்த்துக் கேட்கலாம் என்று தெரிந்த பிறகுதானே பேச்சு!

"நீங்களே வீட்ல சொல்லிக் குடுக்கலாமே" என்கிறார்கள் உறவினர்கள். சொல்லித்தான் கொடுக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு தோசைக்கும் 'வேணும்னு சொல்லு' என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவனுக்கு அம்மா அப்பா என்று யார் இருப்பார்கள்? சில தோசைகள் சும்மாவே கிடைக்க வேண்டும். நாங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, வீடு வீடாகவே இருப்பதற்காக.

அரசு மருத்துவமனைகளின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கட்டணம் இல்லை. அங்கே கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. அதுவும் கைக்காசுதான், எந்த பில்லிலும் ஏறாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அப்படியானால் தெரபிக்கான வரம்பைப் பிள்ளையின் தேவையைப் பார்த்து வையுங்கள், அந்தத் தாயின் பஸ் செலவையும் கூலியையும் சேர்த்து.