யார் கணக்கில் இந்தச் சாவு?

சேரியில் ஒருத்தன் நாற்பத்தஞ்சு வயசில் செத்தால் ஊர்க்காரன் கண்டுபிடிக்கும் காரணம் ஒன்றுதான்: 'குடிச்சே செத்தான்.' அத்தோடு விசாரணை முடிந்தது. மாடிவீட்டில் குடித்துச் செத்தால் அது மாரடைப்பு.

என் சித்தப்பா கீழக்கரைக்கு மேற்கே உப்பளத்தில் உப்பு வாரியவர். கடைசி ஆறு மாசம் அவர் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும்; சுவரில் சாய்ந்தபடியே விடியும். கால் வீங்கி, அழுத்தினால் குழி விழும். செய்வினை என்றாள் சித்தி. இதயம் பெருத்துவிட்டது என்றார் மருத்துவர். வருஷக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தால் ஆல்கஹால் இதயத் தசையையே நைய வைக்கிறது. தளர்ந்த தசை விரிந்து, ரத்தத்தை உந்தித் தள்ள முடியாமல் போகிறது; நுரையீரலிலும் காலிலும் நீர் கோர்க்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, துடிப்பு தாளம் தப்புகிறது. ஆரம்பத்திலேயே நிறுத்தினால் தேறுகிறவர்களும் உண்டு.

'அளவாக் குடிச்சா நெஞ்சுக்கு நல்லது' என்று படித்த தோழர்களே சொல்கிறார்கள். 1991இல் பிரெஞ்சுக்காரர்களின் திராட்சை மதுவைக் காட்டி அமெரிக்கத் தொலைக்காட்சி பரப்பிய பேச்சு அது. பல ஆய்வுகளில், நோய் வந்து குடியை விட்டவனையும் 'குடிக்காதவன்' பக்கம் சேர்த்து எண்ணினார்கள். குடிக்கிறவன் திடமாகத் தெரிந்தான். பாதுகாப்பான அளவென்று எதுவுமில்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதுகூடக் கிடக்கட்டும். கூலிக்காரனுக்கு அளவு வைத்தது யார்? குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. அதற்குள் சுமார் 60 கிராம் ஆல்கஹால்.

குடிச்சது அவன் கைதானே என்பார்கள். ஆமாம். சித்தியை அடித்ததும் அதே கைதான். அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. ஆனால் விற்ற கை? டாஸ்மாக் 1983இல் வந்தது, 2003இலிருந்து சில்லறைக் கடையும் அரசே நடத்துகிறது. மதுவிலக்குக்கு முயலச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவும் அதே அரசின் கையில்தான் இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தலித் கூலிகள் பலர். குடும்பத்துக்கு 10 லட்சம், ஒரு விசாரணை ஆணையம். கொடுக்க வேண்டியதுதான். மெத்தனால் ஒரு ராத்திரியில் கொல்கிறது. முத்திரை ஒட்டிய எத்தனால் இருபது வருஷம் எடுத்துக்கொள்கிறது. அந்த இருபது வருஷத்தை வைத்தே குற்றம் செத்தவன் தலையில் இறங்கிவிடுகிறது.

கடை இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் ரத்த அழுத்தம் பார்க்க, குடியை விடுகிறவனைக் கவனிக்க ஆள் வேண்டும். பெருங்குடிகாரன் சட்டென்று விட்டால் வலிப்பு வந்து சாகவும் கூடும். கடை வருமானத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி, குடிக்கிறவனே முன்னால் நின்று மனுக் கொடுக்கட்டும். வாய் நாறுகிறது என்று அந்த மனுவை எந்த அதிகாரி திருப்புவார்?