பயிர் இழப்பும் ஈட்டின் அறமும்

காலநிலை மாற்றத்தால் பயிர் அழியும்போது அந்த இழப்பை யார் சுமப்பது என்பது வேளாண் பொருளியலுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. கேட்டுக்குக் காரணமானவர் ஒருவர், அதைத் தாங்குபவர் வேறொருவர், ஈடு பெறுபவர் மூன்றாமவர் என்று ஆகிவிடும்போது அது நீதியைப் பற்றிய கேள்வியாகிறது. பதிவு இல்லாத வாய்மொழிக் குத்தகையில் நெல் விளையும் காவிரிப் படுகையில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுகிறது.

எல்லா மக்களுக்கும் எல்லாக் காலத்திலும் போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு எட்டும் நிலையையே உணவுப் பாதுகாப்பு என்று 1996ஆம் ஆண்டு ரோமில் கூடிய உலக உணவு உச்சி மாநாடு வரையறுத்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 முதல் விலையில்லா அரிசி கிடைப்பதால், விளைச்சல் பொய்த்த வீட்டிலும் உலை கொதிக்கும். ஆனால் பருப்பு, எண்ணெய், பால், காய்கறி ஆகியவற்றை வாங்கும் பணமும் அடுத்த போகத்துக்கான விதைச்செலவும் அழிந்த பயிரோடு போய்விடுவதால், வயிறு நிறைந்தும் சத்துக் குறைந்த உணவு என்ற நிலையும் வட்டிக்கடனும் அந்த வீட்டில் சேர்ந்தே நுழைகின்றன.

பயிர் கெடும் வழிகள் பல. பூக்கும் பருவத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தச் சேர்க்கை தடைப்பட்டுக் கதிர் பதராகிறது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்து சம்பா நெற்பயிர் கருகியது. 2021 சனவரியிலோ பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, நீரில் கிடந்த கதிரிலேயே நெல் முளைவிட்டது. தப்பியதை அறுத்துக் கொண்டுபோனாலும், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், அரசு விதியைத் தளர்த்தும்வரை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அதை எடுக்க மாட்டார்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் காட்டிக் காலநிலை மாற்றமே அதன் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாதெனினும், இத்தகைய நிகழ்வுகளின் கடுமையைப் புவி வெப்பமாதல் கூட்டுகிறது என்பது அறிவியலின் முடிவு.

இந்த இழப்புக்கான பொறுப்பில் உழவருக்கும் பங்கு உண்டு என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நீர் தேங்கிய நெல்வயலில் காற்றுப்படாத சேற்றிலிருந்து மீத்தேன் என்ற பசுங்குடில் வாயு வெளியேறுவது உண்மை. எனினும், உயிர் வாழ்வதற்கான உமிழ்வையும் ஆடம்பரத்துக்கான உமிழ்வையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்று 1993இல் ஹென்றி ஷூ என்ற அறவியலாளர் முன்வைத்த வேறுபாடு இங்குப் பொருந்தும். ஊருக்குச் சோறு விளைவிப்பதன் உமிழ்வைக் குறைக்க உழவருக்கு உதவுவது நியாயமே. அதைக் குற்றமாகக் கணக்கிட்டு ஈட்டைக் கழிப்பது நியாயமாகாது. ஆகவே பிறரின் ஆடம்பர உமிழ்வு கூட்டிய கேட்டுக்கு உழவருக்குத் தரும் ஈடு ஈகை அன்று, பட்ட கடன். நாடுகளின் பொறுப்பு பொதுவானதே ஆயினும் அளவில் வேறுபட்டது என்ற 1992ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் நெறியும், இழப்பு மற்றும் சேத நிதியத்தை அமைக்க 2022இல் எகிப்தில் எட்டப்பட்ட முடிவும் இந்தக் கடனை ஓரளவு ஒப்புக்கொள்கின்றன.

ஆனால் கடன் தீர்க்கப்பட்டாலும், அது உரியவரிடம் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. உரிமைச் சான்றான பட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்க, விதையும் உரமும் வாங்கிக் கூலியும் கொடுத்த குத்தகைதாரரிடம் காட்டக் காகிதம் இருப்பதில்லை. குத்தகை உரிமையைப் பதிய 1969ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வழிசெய்திருந்தும், பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் அஞ்சுவதாலும், கேட்டால் அடுத்த ஆண்டு குத்தகையே கிடைக்காது என்று சாகுபடியாளர் தயங்குவதாலும் அது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கிறது.

ஆவணத்தைக் கைவிட்டால் பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்பதும், குத்தகை வராததால் உரிமையாளரும் இழக்கிறார் என்பதும் மெய்யான எதிர்வாதங்களே. ஆயினும் உரிமையாளர் இழப்பது ஒரு போகத்தின் வருவாயை; சாகுபடியாளர் இழப்பது உழைப்பையும் முதலையும், பல வேளைகளில் கடன்பட்ட முதலையும். நில உரிமையைத் தொடாமல் சாகுபடியை மட்டும் பதியும் முறைக்கு ஆந்திரப் பிரதேசம் 2019இல் சட்டம் இயற்றியது. அங்கும் உரிமையாளரின் கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டதால், வலியவரின் சம்மதத்தில் எளியவரின் உரிமை தொங்கியது. விதைப்புக் காலத்திலேயே ஊரறியக் களத்தில் சரிபார்த்து, உழுபவரின் பெயரை அரசே பதிவு செய்தால், பொய்க் கோரிக்கை பற்றிய அச்சத்துக்கும் விடை கிடைக்கும்.

உலக நாடுகளிடம் வரலாற்றுக் கடனைக் கேட்கும் ஒரு சமூகம், அதே கடனைத் தன் ஊரில் பட்டாவைப் பார்த்துத் திசைதிருப்புமானால், அதன் கோரிக்கை வலுவிழக்கிறது. இழந்தவர் யார் என்று அறிவது ஈடு வழங்கியபின் செய்யும் அலுவலகப் பணி அன்று. ஈட்டை அறமாக்கும் முதற்கடமை அதுவே.